சிலம்பின் வழக்கும் குற்றவியற் சொற்களின் நிரலும்

குற்றவியல் நடைமுறையில் வழங்கும் சொற்களுக்குப் பொருள் உண்டென்பது யாவரும் அறிந்ததே. அவற்றுக்கு இடமும் உண்டென்பதைப் பலர் கருதுவதில்லை. களவு நிகழ்ந்ததென்று காவல் நிலையத்தில் ஒருவர் உரைப்பது பதிவாகும்போது அது முதல் தகவல் அறிக்கை. அதன்மேல் காவலர் சான்று தேடுவது புலனாய்வு. தேடுமிடத்து ஒருவன்மேல் ஐயம் விழுமாயின் அவன் ஐயத்திற்குரியவன். நீதிமன்றத்தின்முன் குறித்ததொரு குற்றத்திற்கு விடைகூற நிறுத்தப்படும்போது அவன் குற்றஞ்சாட்டப்பட்டவன். சான்று ஆராய்ந்து, அவன் சொல்லும் கேட்டு, தீர்ப்புரைத்த பின்னரே அவன் குற்றவாளி. மனிதன் ஒருவனே, பெயர்தான் படிதோறும் மாறுகிறது. ஒரு படியின் பெயரை அதற்கு முந்தைய படியில் வழங்கிவிட்டால் இடைப்பட்ட படிகள் யாவும் வேண்டாதன ஆகிவிடும். இவ்வுண்மையைச் சட்ட நூல்களினும் தெளிவாகச் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் காட்டுகிறது என்பது என் துணிபு.

அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பது பதிகம் உரைக்கும் மூன்று உண்மைகளுள் ஒன்று. இதனை எடுத்துரையாத சிலம்பாய்வு இல்லை. ஆயின் அப்பிழை யாது, எவ்விடத்து நிகழ்ந்தது என்னும் வினாவினைக் கூர்ந்து எழுப்பியோர் சிலரே. ஊழ் என்று கூறி அமைவோர் உளர். பொற்கொல்லன் வஞ்சம் என்போர் உளர். ஊழும் வஞ்சமும் காரணங்களாகலாம். அவை அரசன் செய்த பிழை ஆகா. அரசன் பிழை அரசன் செயலிலும் சொல்லிலுமே காணப்படுதல் வேண்டும்.

பழைய காப்பியத்தைப் பிற்காலச் சட்டத்தின் கோலால் அளத்தல் பொருந்துமோ என வினவலாம். இளங்கோவடிகளே தம் கோலைத் தந்துள்ளார் என்பது விடை. அக்கோல் 'தேர்தல்' என்னும் சொல். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்து முதற்குறளில் ஓர்தலும் தேர்தலும் முறையின் உறுப்புகளாக நிற்றலை நாம் அறிவோம். கொலைக்களக் காதையில் பாண்டியன் ஆணையிடும் இடத்தில் கவிக்கூற்றாக வரும் அடைமொழி 'தேரான்' என்பது. மூன்று காதை கழிந்து, வழக்குரை காதையில் கண்ணகி அவனை விளிக்கும் முதல் விளி 'தேரா' என்னும் அதே எதிர்மறையைக் கொண்டது. ஆசிரியன் கூற்றாகவும் பாத்திரத்தின் கூற்றாகவும் ஒரே சொல் இருமுறை வந்து ஒரே பிழையைச் சுட்டுகிறது. கண்ணகி அவனைக் கொடியன் என்றோ கொலைஞன் என்றோ முதற்கண் விளிக்கவில்லை. ஆராயாதவன் என்றே விளிக்கிறாள். அவள் முறையீடு கொலையினும் நடைமுறையைப் பற்றியதாகத் தொடங்குகிறது.

இனிக் கொலைக்களக் காதையை நோக்குவோம். ஆடல் மகளிர்பால் அரசன் உள்ளம் சென்றதென ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று கூறி நீங்குகிறாள். அமைச்சர் குழுவை விட்டு அரசன் அவள் கோயில் நோக்கிச் செல்கிறான். இடையில் பொற்கொல்லன் வீழ்ந்து வணங்கி, தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் உள்ளான் என்கிறான். அவையில்லை, அமைச்சரில்லை, முறை கேட்கும் நேரமுமில்லை. குற்றவியல் நடைமுறையில் ஆள்வரை என்பதும் அமர்வு என்பதும் வெறுஞ் சடங்குகள் எனக் கருதுவோர் இக்காட்சியை மீண்டும் படித்தல் நன்று. தேவியின் சினம் தணிக்க விரையும் கணவனிடம் தீர்ப்புக் கேட்கப்படுகிறது.

கொல்லன் கூற்றினைச் சாட்சியமாகக் கொண்டு ஆராய்ந்தால் அதன் சூழ்ச்சி விளங்கும். கன்னமிடும் கருவியும் கவைக்கோலும் இன்றி, மந்திரத்தைத் துணையாகக் கொண்டு திருடியவன் அவன் என்கிறான் கொல்லன். அரண்மனைச் சுவரில் கன்னமிட்ட தடம் இல்லை. தடமின்மை களவு வெளியாரால் நிகழவில்லை என்பதற்கு அடையாளம். சிலம்பைக் கையாளும் உள்ளாள் மேலேயே ஐயம் செல்லவேண்டும். அவ்வையம் தன்மேல் வரும் என்பதறிந்தே கொல்லன் மந்திரத்தைக் கொணர்கிறான். சான்றின் இன்மையையே சான்றாக்கும் இம்முறை பின்னும் தொடர்கிறது. கோவலனைக் கண்ட காவலருள் ஒருவர், இவன் தோற்றம் கொலைப்படுவோன் தோற்றமன்று என ஐயுறும்போது, கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டனை விரித்து அவர் ஐயத்தைக் கொல்லன் அகற்றுகிறான். இக்கால வழக்கில் இது வல்லுநர் சாட்சியம். வழக்கில் தனக்கே நலனுடைய ஒருவன், குறுக்கு விசாரணைக்கு உட்படாமல், தண்டனையை நிறைவேற்றுவோரிடம் உரைக்கும் வல்லுநர் சாட்சியம்! இவ்வளவு கூர்மையாக அடிகள் இதனை அமைத்தது தற்செயல் அன்று.

அரசனின் ஆணையும் ஆராய்தற்குரியது. தேவியின் காற்சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் என்பது அதன் முதற்பகுதி. நிபந்தனை ஒன்றுண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசன் கொல்லன் சொல்லை முழுதும் நம்பிவிடவில்லை. பொருள் கையில் காணப்படுதல் வேண்டும் என்கிறான். களவாடிய பொருளைக் களவு நிகழ்ந்த அணிமையிலேயே கைவசம் வைத்திருப்பவன் கள்வன் அல்லது களவுப்பொருள் என அறிந்தே பெற்றவன் என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் 114ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டில் உரைத்தது. 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 119ஆம் பிரிவிலும் அவ்வூகம் தொடர்கிறது. ஆகவே கைவசம் கொண்டு களவினை ஊகித்தல் பாண்டியனுக்கே உரிய மடமையன்று. ஆயினும் அப்பிரிவில் ஒரு விலக்கு உண்டு: பொருள் தன்னிடம் வந்த வகையை அவன் விளக்கிக்காட்டினாலன்றி என்பது. அவ்விலக்கே பாண்டியன் ஆணையில் இல்லாதது. ஊகம் இருக்கிறது, அதனை மறுத்துரைக்கும் வாய்ப்பு இல்லை. மேலும், ஊகம் எழுதற்குக் கைவசப்பட்ட பொருள் களவுபோன பொருளே என்பது முதலில் மெய்ப்பிக்கப்படவேண்டும். உடையவளாகிய தேவியிடம் சிலம்பைக் காட்டி, இது நின்னதோ என வினவியதாகக் காப்பியத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கோவலனுக்குக் குற்றமேனும் அறிவிக்கப்பட்டதோ? அதுவும் இல்லை. அரசன் ஏவலால் சிலம்பு காண வந்தோர் இவர் என்றே கொல்லன் காவலரை அவனுக்கு அறிமுகப்படுத்துகிறான். தான் விற்கவந்த பொருளைப் பார்வையிட வந்தவர் என நம்பியவாறே கோவலன் வெட்டுண்கிறான். குற்றச்சாட்டினைப் படித்து விளக்குதல் என்னும் விதி ஏன் உள்ளது என மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் இலக்கியத்தில் இல்லை.

'கொன்று' என்னும் வினையெச்சம் பற்றி உரைமரபில் ஒரு விளக்கம் உண்டு. கொல்லுதற்கு அவனையும் சிலம்பையும் கொணர்க எனக் கூறக் கருதிய அரசன், வினைவிளை காலமாதலின், கொன்று சிலம்பைக் கொணர்க எனக் கூறிவிட்டான் என்பது அது. 'கொல்ல' என்பது 'கொன்று' எனத் திரிந்தது. இவ்விளக்கம் அரசனைக் காக்க எழுந்தது என்பது வெளிப்படை. காக்கிறதா? 'கொல்ல' எனக் கொண்டாலும் தண்டனை முன்னரே முடிவாகிவிட்டது. விசாரணைக்கு அதில் இடமில்லை. அவ்வளவில் இவ்விளக்கம் பயனற்றது எனத் தள்ளிவிடத் தோன்றும். ஆயின் தள்ளற்க. 'கொல்ல' என்பது கோவலனை உயிரோடு அரசன்முன் கொணரும் ஆணை. 'கொன்று' என்பது தண்டனையை நிறைவேற்றும் ஆணை. முன்னதில் காலம் உண்டு. அக்காலத்தின் மதிப்பினைக் காப்பியமே வேறோரிடத்து அளந்து காட்டுகிறது.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் பாண்டியர் முறைமையைக் கண்ணகிக்கு உணர்த்த வார்த்திகன் வரலாற்றைக் கூறுகிறது. பராசரன் என்னும் அந்தணன் தங்காலில் தங்கியபோது, தன்னோடு ஒப்ப மறையோதிய வார்த்திகன் மகனுக்கு முத்தப் பூணூலும் அணிகலன்களும் அளிக்கிறான். வறிய வீட்டில் திடீரெனத் தோன்றிய செல்வம் கண்டு, புதையலைக் கவர்ந்த பார்ப்பான் இவன் என அரசன் ஏவலாளர் வார்த்திகனைச் சிறையில் இடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து புலம்புகிறாள். ஐயை கோயிற் கதவம் திறவாதாகிறது. அரசன் காரணம் வினவி, உண்மை அறிந்து, பொறுத்தருள வேண்டி, தங்காலையும் வயலூரையும் அளித்து, அவன்முன் வீழ்கிறான். கதவம் திறக்கிறது.

இரு வழக்குகளையும் ஒருங்கு வைத்து நோக்குக. இரண்டிலும் சான்று கைவசம் ஒன்றே. இரண்டிலும் பொருள் நேர்மையாக வந்தது. இரண்டிலும் விளக்கம் கேட்கப்படவில்லை. இரண்டிலும் கணவன்பொருட்டு மனைவி கண்ணீர் விடுகிறாள். இயற்கைக்கு மாறான குறி ஒன்று நிகழ்கிறது. அரசன் தன் பிழையை ஏற்கிறான். வேறுபாடு ஒன்றே: வார்த்திகன் சிறையில் இருந்தான். காவலில் வைக்கப்பட்டவனை மீட்கலாம், கொல்லப்பட்டவனை மீட்கலாகாது. உயர்நீதிமன்றம் உறுதி செய்தாலன்றிக் கொலைத்தண்டனையை நிறைவேற்றலாகாது என இந்தியக் குற்றவியல் நடைமுறை இன்றும் விதிப்பது இவ்வேறுபாடு கருதியே. பாண்டியர் செங்கோன்மைக்குச் சான்றாகத் தெய்வம் கூறும் வரலாறு, கோவலன் வழக்கில் நிகழாதது இன்னதெனவும் தானே காட்டிவிடுகிறது. தெய்வம் இதனைக் கருதிக் கூறிற்றோ, அடிகள் கருதி அமைத்தாரோ. எனக்கு அடிகள் மேலேயே ஐயம்.

சாட்சியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் 'கரி'. பொய்ச்சாட்சி கூறுவோரைச் சிலம்பு பொய்க்கரியாளர் என்கிறது. புகாரின் சதுக்கப் பூதம் விழுங்கும் தீயோருள் அவரும் ஒருவர். அரசன் முறை பிறழின் கண்ணீர் உகுக்கும் பாவை மன்றமும் அந்நகரில் உண்டு. மதுரையில் இவை இல்லை. பொய்க்கரி கூறிய கொல்லனைத் தடுப்பார் எவருமில்லை. இன்னும் ஒன்று. அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் முற்செயல்களை எடுத்துரைக்கிறான். கற்புடையாள் ஒருத்திமேல் அவள் கணவனிடம் பொய்க்கரி உரைத்த வறியவன் ஒருவனைப் பூதம் பற்றியபோது, அவன் தாயின் துயர் பொறாத கோவலன், என்னுயிர் கொண்டு அவனுயிர் தருக எனப் பூதத்தை வேண்டினான். பூதம் இசையவில்லை. பொய்ச்சாட்சி ஒருவனுக்காக உயிர்தர முன்வந்தவன் பிறிதொரு பொய்ச்சாட்சியால் உயிரிழக்கிறான். இச்செய்தி கொலைக்களக் காதைக்கு முந்தைய காதையில் வைக்கப்பட்டிருப்பதைக் கதைக்குப் புறம்பான புகழுரையாகக் கொள்வோர் இதன் அமைப்பை உணராதவர்.

வழக்குரை காதையில் நிரல் மீள்கிறது. வாயிலோன் அறிவிக்கிறான், அரசன் வருக என்கிறான், யாரையோ நீ என வினவுகிறான். கண்ணகி ஊர், குடி, கணவன் பெயர், வந்த காரணம், அவன் கொலையுண்டமை, தன் பெயர் ஆகியவற்றை உரைக்கிறாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மை அன்று என்பது அரசன் எதிருரை. சட்டக் கொள்கையளவில் இது தவறன்று. கொல்லப்பட்டவன் கள்வனா என்பதே வழக்கு. கண்ணகி கொள்கையோடு வாதிடவில்லை. வழக்கினை ஒரே ஒரு பொருண்மைக்குச் சுருக்குகிறாள்: என் சிலம்பின் பரல் மாணிக்கம். எம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். இருதரப்புக் கூற்றும் சிலம்பு உடைபடுவதற்கு முன்னரே அவையறியப் பதிவாகிவிட்டன. அதன்பின் கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு வருவிக்கப்பட்டு முன்வைக்கப்படுகிறது, உடைக்கப்படுகிறது. சான்றுப்பொருளைக் காணும் முன் கூற்றுகளை வரையறுத்துக்கொள்ளும் இம்முறையில் பின்னர் எவரும் சொல்மாற்ற வழியில்லை. கணவனை இழந்து குருதிக் கண்ணீரோடு நிற்பவள் ஆரவாரம் இன்றி நடத்தும் இவ்வழக்கு, நாடகமேடைகளில் நாம் காணும் கூக்குரற் கண்ணகிக்கு முற்றிலும் வேறானது.

'கள்வன்' என்னும் சொல்லின் பயணமே இவ்வழக்கின் சுருக்கம். கொல்லன் வாயில் அது பழி. அரசன் ஆணையில் அது மெய்ப்பிக்கப்படாத முடிபு. துன்ப மாலையில் கண்ணகி கதிரவனை நோக்கி, கள்வனோ என் கணவன் என வினவும்போது அது முதன்முதலாக ஆராய்ச்சிக்குரிய வினாவாகிறது. இறுதியில் மாணிக்கப்பரல் தெறித்தபின் அரசன் அச்சொல்லைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். சான்று கண்டபின் வழங்கப்படும் அவ்விடத்தில்தான் அச்சொல் முதன்முறையாகத் தனக்குரிய இடத்தில் நிற்கிறது.

இத்துணை நுணுக்கமான நிரலறிவு உடைய மொழி, இன்றைய நீதிமன்றச் செய்திகளில் எவ்வாறு வழங்குகிறது? 1862ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். வழக்காடுவோர் தம் வழக்கின் சொற்களைத் தம் மொழியில் அறியவேண்டும் என்னும் கருத்து அன்றே வேரூன்றிவிட்டது. பிராது, தாவா, வக்கீல், ஜாமீன், கைதி, ஆஜர், ரத்து என்னும் பாரசீக, அரபுச் சொற்கள் பலவற்றுக்கு ஈடாக முறையீடு, வழக்குரைஞர், பிணை, அழைப்பாணை, பிடியாணை, மேல்முறையீடு, சீராய்வு முதலிய நல்ல சொற்கள் வந்துவிட்டன. குறை அயற்சொல்லில் இல்லை. ஜாமீன் என்றாலும் பிணை என்றாலும் பொருள் ஒன்றே, எவரும் இடர்ப்படார். இடர் வேறிடத்தில் உள்ளது.

'விசாரணை' என்னும் ஒரு சொல்லைக் காவலர் வினவுதலுக்கும், நீதிமன்றம் முன்னாராய்வதற்கும், முழுவழக்கு நடத்துவதற்கும் வழங்குகிறோம். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் காவலரின் புலனாய்வையும் நீதிமன்றத்தின் முன்னாய்வையும் தனித்தனியே வரையறுத்தது. இரண்டையும் ஒரு சொல்லால் கூறின், காவல் நிலையத்தில் கேட்கப்பட்டவனும் அவையில் கேட்கப்பட்டவனும் ஒருவரே போலத் தோன்றுவர். இலங்கைத் தமிழர் முழுவழக்கினை 'விளக்கம்' என்பர். அதன்பொருட்டுக் காவலில் வைத்தலை 'விளக்கமறியல்' என்பர். மறியல் எதன்பொருட்டு என்பது பெயரிலேயே உள்ளது. நமது 'நீதிமன்றக் காவல்' எங்கே என்று மட்டும் கூறும். எதற்கு என்று கூறாது.

'விடுதலை' என்பதன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிணையில் வெளிவருவோன், குற்றச்சாட்டு வனையுமுன் விடுவிக்கப்படுவோன், முழு ஆராய்வுக்குப்பின் குற்றமற்றவன் எனத் தீர்க்கப்படுவோன், தண்டனைக்காலம் கழித்து மீள்வோன் ஆகிய நால்வரும் விடுதலையானோரே. இவருள் மூன்றாமவனை அதே குற்றத்திற்கு மீண்டும் வழக்குக்கு உட்படுத்தல் ஆகாது. இரண்டாமவனுக்கு அக்காப்பு இல்லை. பேரளவு வேறுபாடுடைய நிலைகளைச் செய்தித் தலைப்பு ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. 'விடுவிப்பு' என இரண்டாவதைப் பிரித்து வழங்குவோர் சட்ட எழுத்தில் உளர், அவ்வழக்குப் பரவவேண்டும். காவலர் தம் புலனாய்வின் முடிவில் அளிக்கும் அறிக்கையைக் 'குற்றப்பத்திரிகை' என்பதும், நீதிமன்றம் வனைவதைக் 'குற்றச்சாட்டு' என்பதும் படிப்போர்க்கு ஒன்றாகவே தோன்றும். முன்னது ஒரு தரப்பின் கூற்று. பின்னது அக்கூற்றினை ஆராய்ந்து நீதிமன்றம் வரைந்தது.

யாவற்றினும் பெரிய பிழை 'குற்றவாளி' என்பது. உழைப்பாளி, நோயாளி, அறிவாளி என்னும் சொற்களில் 'ஆளி' என்னும் ஈறு, முன்னுள்ள பொருளை உடைமையாகத் துணிந்து கூறும். ஐயத்திற்கு அதில் இடமில்லை. ஆயினும் கைது செய்யப்பட்ட அன்றே ஒருவனைக் குற்றவாளி எனச் சுட்டும் செய்திகள் பல. முன்னெச்சரிக்கையோடு எழுதுவோரும் 'குற்றவாளியிடம் விசாரணை' என்பர். குற்றவாளி எனத் துணிந்தபின் விசாரணை எதற்கு? 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்பது நீளமானது, தலைப்பில் அடங்காது என்பர் இதழாளர். இலங்கை இதழ்கள் கைதான நிலையில் 'சந்தேகநபர்' என்றும், வழக்கு நிலையில் 'எதிரி' என்றும் வழங்குகின்றன. 'எதிரி' தமிழகத் தீர்ப்புகளிலும் உண்டு. பகைவன் என்னும் பொருள் கலக்கிறது என்பர் சிலர். வழக்கில் எதிர்நிற்பவன் என்னும் பொருளிலேயே அது நெடுங்காலம் நீதிமன்றங்களில் நிலைத்துள்ளது. குற்றத்தைத் துணிந்து கூறாமை அதன் தகுதி.

நீதிமன்றத்துள் எதிரி நிற்கும் இடத்திற்கு நாம் வைத்துள்ள பெயர் 'குற்றவாளிக் கூண்டு'. தீர்ப்புக் கேட்கும் வரையில் அவன் நிற்கும் இடம் அது. குற்றமற்றவன் எனத் தீர்க்கப்படுவோனும் அங்கேயே நிற்கிறான். சட்ட அகராதிகளின் அடுத்த பதிப்புகளில், சாட்சிக் கூண்டு என்பதற்கு இணையாக இதனை 'எதிரிக் கூண்டு' எனக் குறித்தல் கூடும். இதழ்கள் அதனைப் பின்பற்றப் பத்தாண்டு ஆகலாம்.